மரவள்ளி–ஜவ்வரிசித் தொழிலுக்கு 2040 வரை ஃபோர்சைட் (எதிர்கால நோக்கு ஆய்வு): டெல்ஃபி மட்டும் போதுமா?

குகை_ஆய்வு:
வணக்கம். அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையில் ஆய்வு. தலைப்பு: சேலம் மாவட்ட மரவள்ளி–ஜவ்வரிசித் தொழில்நுட்பம், 2040 வரை. கையில் ஐந்து மாதம். வழிகாட்டி டெல்ஃபி (நிபுணர்களிடம் பெயர் வெளியிடாமல் பல சுற்றுகளாகக் கருத்துக் கேட்கும் முறை) போதும் என்கிறார். 100 பேருக்கு கூகுள் படிவம் அனுப்பி, சராசரி ஆண்டை எடுத்து, அதை வைத்து நான்கு சினாரியோ (எதிர்காலம் இப்படி அமையலாம் என்ற காட்சி) எழுதலாம் என்று திட்டம். கூடவே ஏற்காட்டுக் காபியையும் சேர்க்கலாமா? மாதிரிக்கு ஒரு கூற்று: "2040-க்குள் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நவீனமாகி, கழிவே இல்லாமல் இயங்கும்." குறை சொல்லுங்க.

அஸ்தம்பட்டி_வரைபடம்:
கூற்றிலிருந்தே தொடங்கலாம், நோய் அங்கேதான். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்வி இருக்கு. நவீனமாகும், ஆனா கழிவு இருக்கும்னு நினைக்கிறவர் எதை டிக் பண்ணுவார்? 'நவீனம்'னா தோல் உரிக்கும் இயந்திரமா, வெயில் களத்துக்குப் பதிலா உலர்த்தியா? 'கழிவு'ன்னா மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியா, கழிவுநீரா? ஆளுக்கொரு பொருள் எடுத்துக்குவாங்க, நீங்க கூட்டிக் கழிச்சு ஒரு ஆண்டு போடுவீங்க. அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஒரு கூற்று, ஒரு நிகழ்வு, அளக்கக்கூடிய வரம்பு. இருபது இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போக வேண்டாம். ஆண்டைக் கூற்றுக்குள்ளே எழுதாதீங்க; எழுதிட்டா எல்லார் பதிலும் அந்த ஆண்டைச் சுத்தியே நிக்கும். "எந்த ஆண்டில் நடக்கும்?"னு தனிக் கட்டம் வைங்க, பக்கத்துல "நடக்கவே நடக்காது"ன்னு ஒரு கட்டம்.

அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறதாலேயே சராசரி செல்லாது. 'நடக்காது'ங்கிறதுக்கு எந்த எண்ணைப் போட்டுக் கூட்டுவீங்க? அந்தப் பதில்களைத் தூக்கிட்டா நம்பிக்கைக்காரங்க மட்டும்தான் மிச்சம். இடைநிலை அளவு எடுங்க, அதாவது பதில்களை வரிசைப்படுத்தினா நடுவில் நிக்கிற ஆண்டு. 'நடக்காது'ன்னவங்களை வரிசையோட கடைசியில் நிறுத்தினா போதும். கால்வாசிப் பேருக்கு மேல் அப்படிச் சொல்லியிருந்தா மேல் கால்மானமே (வரிசையில் முக்கால் பங்கு இடத்தில் நிக்கிற ஆண்டு) கிடையாது, அட்டவணையில் அதை அப்படியே எழுதுங்க. சில நேரம் ஆண்டைவிட அதுதான் பெரிய செய்தி.

ஆண்டையும் இரண்டாப் பிரிங்க. தொழில்நுட்பம் கைகூடும் ஆண்டு, பரவலாப் புழங்கும் ஆண்டு. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்திலிருந்து சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேசிய அளவில் டெல்ஃபி ஆய்வு நடக்குது; பின்னாளில் வந்த ஆய்வுகளில் இந்த இரண்டையும் தனித்தனியாக் கேட்டாங்க. கொள்கைக்குத் தேவை நடுவில் இருக்கிற இடைவெளிதான். அது நீண்டா, தடை பணமா, விதிமுறையா, ஆளா, சந்தையான்னு அடுத்த கட்டத்தில் கேளுங்க.

சேர்வராயன்_மேகம்:
காபியைச் சேர்க்காதீர்கள். மரவள்ளி ஓராண்டுக்குள் அறுவடையாகும் பயிர். ரகம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பட்டத்தில் மாற்றலாம். அராபிகா காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு ஆண்டு, பிறகு பல பத்தாண்டு நிற்கும். ஏற்காட்டில் இன்று நடும் செடி 2040-இலும் தோட்டத்தில் இருக்கும். ஆகவே காபிக்கு 2040 என்பது இன்றைய முடிவின் விளைவு. மரவள்ளிக்கு அது பதினைந்து முடிவுகளுக்கு அப்பால். கால எல்லை முதலீட்டின் ஆயுளைப் பார்த்து வைக்க வேண்டியது. 2040 உருண்டையான எண் என்பது காரணம் ஆகாது. ஆலைக் கொதிகலனும் உலர்த்தியும் எத்தனை ஆண்டு ஓடும் என்று விசாரித்து, அதற்கு ஏற்றபடி நிர்ணயியுங்கள்.

இரண்டாவது, டெல்ஃபிக்கு முன்னால் சூழல் அலசல் வேண்டும். மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியையே பாருங்கள். ஆப்பிரிக்காவில் 1970-களில் புகுந்தது. தாய்லாந்துக்கு 2008-இல் வந்தது. கேரளத்தில் 2020-இல் கண்டுபிடிக்கப்பட்டு இங்கும் பரவியது. அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான் விடுவித்தார்கள். தாய்லாந்துக்கும் நமக்கும் நடுவே 12 ஆண்டு. மருந்தான குளவியும் முன்பே தெரிந்ததுதான். 2015-இல் சேலத்துக்குள்ளேயே 100 பேரிடம் படிவம் நிரப்பியிருந்தால் இது வந்திருக்குமா? மற்ற மரவள்ளி நாடுகளின் நோய், ரகம், இயந்திரம், விதிமுறை ஆகியவற்றை மூன்று வாரம் படித்து, 40–50 குறிப்பு சேர்த்தபின் கூற்று எழுதுங்கள்.

தாரமங்கலம்_7:
100 பேர் வேண்டாம். 25–30 பேர் கடைசிச் சுற்றுவரை நிற்கணும். சுற்றுக்குச் சுற்று ஆள் கழண்டுக்குவாங்க, அதனால 40 பேரை அழைங்க. யாருங்கிறதுதான் முக்கியம்: ஆலைக்காரர், விவசாயி, பயிர் விஞ்ஞானி, இயந்திரம் செய்றவர், மாசுக் கட்டுப்பாடு தெரிஞ்சவர், வெளிமாநில வியாபாரி. ஒவ்வொரு வகையிலும் அஞ்சாறு பேர்.

கடைசி ஆளை எல்லாரும் விட்டுடறாங்க. சேலத்துல செய்ற ஜவ்வரிசிக்குப் பெரிய வாடிக்கை மகாராஷ்டிரா மாதிரி மாநிலங்கள்ல விரத நாள் கிச்சடிக்குப் போறது. தேவையைத் தீர்மானிக்கிற அடுப்பு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எரியுது, குழுவுல அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர்கூட இல்லைன்னா எப்படி?

விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் கூகுள் படிவம் அனுப்பாதீங்க. நேர்ல போய் கேட்டு நீங்களே நிரப்புங்க. "குச்சிக்கிழங்கு"ன்னு கேளுங்க, மரவள்ளின்னு இல்லை. அரவை உச்சத்துல இருக்கறப்ப போனா டீ கிடைக்கும், பதில் கிடைக்காது.

அஸ்தம்பட்டி_வரைபடம்:
மேல சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஒவ்வொரு கூற்றுக்கும் "இதில் உங்கள் அறிவு எவ்வளவு?"னு 1 முதல் 4 வரை சுயமதிப்பு கேளுங்க. 4 போட்டவங்க பதிலைத் தனியாப் பாருங்க. தன் துறை சீக்கிரம் ஜெயிக்கும்னு நம்புறது நிபுணர்களோட வாடிக்கை. அவங்க ஆண்டு மத்தவங்களைவிட முன்னால வந்தா, உடனே அதுதான் சரின்னு எடுத்துக்காதீங்க.

இரண்டாம் சுற்றில் இடைநிலையையும் இரண்டு கால்மானங்களையும் காட்டி, அந்த இடைவெளிக்கு வெளியே நிக்கிறவங்ககிட்ட காரணம் வாங்குங்க. அந்தக் காரணத்தைப் பெயர் இல்லாம எல்லாருக்கும் அனுப்பணும். இதைச் செய்யாம எண்ணை மட்டும் காட்டினா, அடுத்த சுற்றில் எல்லாரும் நடுவுக்கு நகர்வாங்க. அது கூட்டத்தோட போறது, ஒருமித்த கருத்து இல்லை. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இந்த முறையை உருவாக்கினவங்க பெயரை மறைச்சதே பெரிய குரலுக்கு மத்தவங்க தலையாட்டக் கூடாதுன்னுதான். சுற்றுக்குச் சுற்று பதில் மாறாம நின்னா நிறுத்திடலாம், ஒத்துப்போகலைன்னாலும் சரி. இரண்டு முகாமாப் பிரிஞ்சு நின்னா அதையே முடிவா எழுதுங்க.

நேரக் கணக்கு: அலசல் 3 வாரம், கூற்று எழுதி நாலு பேரிடம் வெள்ளோட்டம் 2 வாரம், முதல் சுற்று 3, அலச 10 நாள், இரண்டாம் சுற்று 3, சினாரியோ பட்டறை ஒரு நாள். மிச்சம் எழுதறதுக்கு. கூற்று 25-க்கு மேல் போனா யாரும் கடைசிப் பக்கத்தைப் படிக்கமாட்டாங்க.

ஐந்துரோடு_காப்புரிமை:
காப்புரிமை எண்ணிக்கையும் பார்ப்பீர்கள் என்றால் ஒரு பொறி உண்டு. விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும். எனவே வரைபடத்தில் கடைசி இரண்டு ஆண்டு எப்போதும் சரிவு போலத் தெரியும். அதைப் பார்த்து "ஆர்வம் குறைகிறது" என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டுகளை வெட்டிவிடுங்கள். மாவுச்சத்துத் தயாரிப்புக்கு சி08பி 30 (C08B 30) என்ற காப்புரிமை வகைப்பாட்டில் தேடலாம். மரவள்ளிக்கு 'டேபியோக்கா' மட்டும் போட்டால் பாதி தப்பும், 'கசாவா', 'மணிஹாட்' இரண்டையும் சேருங்கள்.

எஸ் வளைவு (மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பிறகு உச்சவரம்பில் தேங்கும் வளர்ச்சிக் கோடு) பொருத்துவதும் அப்படியே. வளைவு திரும்பும் இடத்துக்கு முந்தைய தரவு மட்டும் இருந்தால், உச்சவரம்பு எதுவானாலும் அழகாகப் பொருந்தும்.

சேர்வராயன்_மேகம்:
சினாரியோ பற்றி. நிச்சயமில்லாத இரண்டு காரணிகளை அச்சாக வைத்து நான்கு கட்டம் போடுவது எளிது, ஆனால் அச்சுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். 'மழை', 'நிலத்தடி நீர்' என்று இரண்டை எடுத்தால் இரண்டு கட்டம் காலியாகவே கிடக்கும். 15 காரணிகளைப் பட்டியலிட்டு, எது எதைப் பாதிக்கிறது என்று 0 முதல் 3 வரை குழுவாக மதிப்பிடுங்கள். 210 கட்டம், ஒரு நாள் வேலை. வரிசைக் கூட்டல் செல்வாக்கு, நிரல் கூட்டல் சார்பு. செல்வாக்கு அதிகம், சார்பு குறைவு, போக்கும் நிச்சயமில்லை என்பவற்றில் அச்சைத் தேடுங்கள். காரணியை 30 ஆக்கினால் 870 கட்டம். மதியத்துக்கு மேல் எல்லோரும் 1, 1, 1 என்று போடத் தொடங்கிவிடுவார்கள்.

மாதிரிக்கு, மத்திய அரசின் தொழில்நுட்ப முன்கணிப்பு அமைப்பான டைஃபாக்கின் (TIFAC) தொலைநோக்கு 2035 ஆவணத்தைப் புரட்டுங்கள். இன்றே களமிறக்கக் கூடியவை, ஆய்வகத்திலிருந்து களத்துக்கு நகர்த்த வேண்டியவை, குறிவைத்த ஆராய்ச்சி தேவைப்படுபவை, இன்னும் கற்பனையில் இருப்பவை என்று தொழில்நுட்பங்களைப் பிரித்திருப்பார்கள். அந்தச் சட்டகம் உங்களுக்குப் பயன்படும். உள்ளடக்கம் தேசிய அளவு, மாவட்டத்துக்கு அப்படியே இறங்காது.

இன்னொன்று: இந்த ஆய்வைப் பார்த்து யார், எந்த முடிவை எடுப்பார்? ஆலைகளுக்குப் பொது உயிர்வாயுக் கலனுக்கு மானியமா, தேமல் நோய் தாங்கும் ரகத்தின் நடவுக்குச்சிப் பெருக்கமா? இது முதல் பக்கத்தில் இல்லையென்றால் கூற்றுகள் எட்டுத் திசையிலும் ஓடும்.

குகை_ஆய்வு:
நன்றிங்க எல்லாருக்கும். காபியை எடுத்துட்டேன். முடிவெடுப்பவர்: கழிவுநீர் மானியம் ஒதுக்கும் துறை. கூற்றைத் திருத்தினேன்: "சேலம் மாவட்டத்தில் இயங்கும் சேகோ ஆலைகளில் பாதிக்கு மேல், தம் வெப்பத் தேவையில் பாதியையாவது கழிவுநீரில் எடுத்த உயிர்வாயுவால் நிறைவுசெய்யும்." சரியா?

தாரமங்கலம்_7:
நல்லா வந்திருக்கு. 'பாதிக்கு மேல்'ங்கறது ஆலை எண்ணிக்கையிலயா, அரவைத் திறன்லயா? சின்ன ஆலை பத்து மூடினாலே, புதுசா ஒரு கலன்கூடக் கட்டாம உங்க சதவீதம் ஏறிடும்.

குகை_ஆய்வு:
அரவைத் திறன்னு மாத்திட்டேன். வெள்ளோட்டத்துக்கு அடுத்த வாரம் நாலு பேரிடம் கொடுக்கிறேன்.