பேலன்சர் செயின் சத்தமும் பின்பக்க ஸ்பிரிங்கும்: கேஎல்ஆர் 650 தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

லாசா சாலை எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக வேலை செய்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதன் பிறகு பொழுது சாயும்வரை செம்மண் சாலைதான். மோட்டார், 2003ஆம் ஆண்டு கவாசாக்கி கேஎல்ஆர் 650. பழைய வண்டியாக வாங்கினேன். இப்போது 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

இஞ்சினின் இடப்பக்க அடியில், தகர டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டு ஆட்டுவதுபோல் சத்தம். பக்கத்து ஊரான லாசா வரை போய்த் திரும்பினால் விரல்கள் மரத்துப்போகின்றன. பட்டணத்தில் ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ரப்பர் மூடிக்குள் இருக்கும் பேலன்சர் போல்ட்டைத் தளர்த்தி மறுபடியும் இறுக்கித் தந்தார்கள். போன முறை அப்படிச் செய்த பிறகு சத்தம் கூடிவிட்டது. காசும் கொடுத்து வண்டியையும் கெடுத்துக்கொண்டேனோ என்று மனம் பதைக்கிறது. இன்னொரு முறை தளர்த்தச் சொல்லலாமா?

மற்றொன்று: மனைவி பின்னால் அமர்ந்தால் வண்டியின் வால் இறங்கிவிடுகிறது, பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கிறது. பின் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை உச்சமான ஐந்தாம் படியில் வைத்தேன். இப்போது தனியாகப் போனால் முதுகு நோகிறது.

பழைய பட்டறை, ஈப்போ எழுதியது:

தம்பி, அந்த போல்ட்டை இனி யாரையும் தொட விடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

651 சிசி, ஒரே சிலிண்டர். அவ்வளவு பெரிய பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலை அடக்க, முன்னும் பின்னுமாக இரண்டு பேலன்சர் தண்டுகள் இருக்கின்றன. அவற்றை ஒரு செயின் சுழற்றுகிறது. செயின் தேய்ந்து நீளும்போது அதன் தொய்வை எடுக்க ஒரு லீவர். லீவரை இழுக்க ஒரு சிறு ஸ்பிரிங். போல்ட்டின் வேலை லீவரை இருந்த இடத்தில் பிடித்துவைப்பது மட்டுமே. தளர்த்தினால் ஸ்பிரிங் லீவரை இழுக்கும், தொய்வு போகும், பிறகு இறுக்கிவிடலாம். ஆனால் லீவர் நகர நகர ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் அதில் இழுவிசையே மிஞ்சாது. அந்த நிலையில் போல்ட்டைத் தளர்த்தினால், இதுவரை பிடித்து வைத்திருந்த செயினையும் நாமே விட்டுவிடுகிறோம். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

எண்ணெயை வடித்துவிட்டு இடப்பக்க வெளிமூடியைத் திறக்க வேண்டும். காந்தச் சக்கரத்தை அதற்குரிய இழுப்பானால் மட்டுமே எடுங்கள்; சுத்தியலால் தட்டினால் காந்தம் கெடும். உள்மூடியையும் கழற்றினால் ஸ்பிரிங் கண்ணில் படும். இழுவை இல்லையென்றால் ஸ்பிரிங்கையும் லீவரையும் சேர்த்தே மாற்றுங்கள். முறுக்கு ஸ்பிரிங் வைத்த மாற்று லீவர் கிடைக்கிறது. அதில் இழுவை நெடுநாள் நிற்கும். கடைசியில் போல்ட்டுக்கு ஏறக்குறைய 9 நியூட்டன் மீட்டர் போதும். அது 8 மில்லிமீட்டர் தலை கொண்ட சிறிய போல்ட். கைவலுவைக் காட்டி எத்தனை பேர் அதை உள்ளேயே ஒடித்திருக்கிறார்கள் தெரியுமா!

கம்பார் ஆசிரியை எழுதியது:

அண்ணன், பின் ஸ்பிரிங்கைப் பற்றி நான் சொல்கிறேன். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் கூடும். பலரும் இதில்தான் ஏமாறுகிறோம்.

அளந்து பாருங்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஓர் அடையாளம் வரை அளவெடுங்கள். பிறகு இறக்கி, நீங்கள் வழக்கமான உடையோடு அமர்ந்து அதே அளவை எடுங்கள். வித்தியாசம்தான் அமிழ்வு. உங்கள் வண்டியின் பின்பக்க ஓட்டம், அதாவது பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், 230 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 75 அளவில் இருந்தால் நல்லது. இருவர் அமர்ந்து ஐந்தாம் படியிலும் அதைவிட வெகுவாக அமிழ்ந்தால் உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் மெலிது என்று பொருள். வாங்குவதற்கு முன் அடியில் இருக்கும் இணைப்புக் கைகளின் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் சேறு அங்கேதான் போய் அடைகிறது. என் வண்டியில் நான் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், இறுகியிருந்தது பேரிங்.

லாசா சாலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பி முறையுள்ள ஒருவரோடு சேர்ந்து திறந்தேன். ஐயா சொன்னது அப்படியே இருந்தது: ஸ்பிரிங் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, விரலால் தட்டினால் ஆடியது. முறுக்கு ஸ்பிரிங் லீவருக்குச் சொல்லிவிட்டேன். வரும்வரை மகனின் சிறிய மோட்டாரில்தான் பெரட்டுக்குப் போகிறேன்.

டீச்சர், அளவுகள் இவை: ஐந்தாம் படியில் இருவர், 98. இரண்டாம் படியில் நான் மட்டும், 76. பேரிங்கையும் கழற்றினேன். ஒரு பக்கத்து உட்குழல் துருப்பிடித்துத் தடம் விழுந்திருக்கிறது. குழலை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது ஊசி பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதா?

கம்பார் ஆசிரியை எழுதியது:

தடம் விழுந்துவிட்டதென்றால் இரண்டையும் மாற்றுங்கள், அண்ணன். எண்ணெய்ச் சீலையும் சேர்த்து வாங்குங்கள். புது பேரிங்கில் கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பிய பிறகே பூட்டுங்கள். அதன் பின் மறுபடியும் அளந்து எழுதுங்கள். ஸ்பிரிங்கை அப்போது முடிவு செய்யலாம்.