த்ரீ நாட் த்ரீயா, முந்நூற்று மூன்றா?

மஞ்சக்குப்பத்தான்:
நேற்று ராத்திரி செய்தியில் ‘முந்நூற்று மூன்று ரகத் துப்பாக்கி’ என்று வாசித்தார்கள். அதிலிருந்து என்.சி.சி. கேம்ப் ஞாபகம்தான். பாயிண்ட் டூ டூ சுடுவதற்காக எங்களைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் பண்ருட்டிப் பையன். வடநாட்டு ஹவில்தார் ஒவ்வொருவரிடமும் ‘கேலிபர்?’ என்று, அதாவது குழல் வாயின் அகலம் என்ன என்று, கேட்டபடி வந்தார். இவன் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமலே, ‘புள்ளி இருபத்திரண்டு சார்’ என்றான். அவர் அப்படியே குந்தி உட்கார்ந்து, ‘புல்லி... புல்லி...’ என்று சொல்லிப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மனுஷன் மெஸ் வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார். முந்நூற்று மூன்றுக்கும் அவர் வாயில் எப்போதும் வந்தது ‘த்ரீ நாட் த்ரீ’தான். முந்நூற்று மூன்று என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

முத்தியால்பேட்டை:
எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஜூலை 14 வந்தால் கூட்டாளிகள் கொடியேற்றம் முடிந்து நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். 7.62 மி.மீ. தோட்டா அவர்களுக்கு ‘செத் சுவாசாந்த் தெ’. புள்ளியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு வருஷம் பிஸ்டல் பேச்சு வந்தது. தாத்தா ‘ஓன்ஸ் காராந்த் த்ருவா!’ என்று நாற்காலியைத் தட்டினார். அத்தை கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவள். காபித் தட்டோடு நின்று, ‘பதினொன்னு நாப்பத்தி மூணா? அது எந்த ரயிலுப்பா?’ என்றாள். சிரித்த சிரிப்பில் ஒரு பெரியவருக்குப் புரை ஏறிவிட்டது. விஷயம் வேறொன்றுமில்லை, அமெரிக்காக்காரனின் ஃபார்ட்டி ஃபைவ்தான். 0.45 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் 11.43 மி.மீ. இந்திய ராணுவத்தில் இருந்த சித்தப்பா மட்டும், அது வேறு தோட்டா என்று ராத்திரி வரைக்கும் விடவில்லை.

ஓ.டி. ஆசாமி:
செய்தி வாசித்தவரை ஏன் குறை சொல்கிறீர்கள் மஞ்சக்குப்பம்? 0.303 அங்குலம் என்றால் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று. கணக்குப்படி அவர் சொன்னது சரி. பூஜ்யத்தை ‘நாட்’ என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான்.

என் கதை சின்னது. தேர்தலுக்கு முன்னால் துப்பாக்கி ஒப்படைக்க ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ‘டுவெல்வ் போர்’ என்றார். ரசீதில் ‘.12’ என்று எழுதிவிட்டார்கள். அந்தப் புள்ளியை அடிக்கச் சொல்லி அவர் நகரவே இல்லை. புள்ளி பன்னிரண்டு என்றால் 3 மி.மீ. குழல், அதில் ஊசிதான் போடலாம்.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 12 போர் என்பது அளவே இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் வாய். அதனால் 16 போர் அதைவிடச் சின்னது. 410ஐயும் ‘போர்’ என்கிறார்கள். அது 0.410 அங்குலம், உருண்டைக் கணக்குக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 67 வரும். அமெரிக்காவின் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ இன்னும் மோசம். முப்பது என்பது 0.30 அங்குல அளவு, ஆறு என்பது 1906ஆம் வருஷம். அப்புறம் ‘செவன் சிக்ஸ் டூ’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எஸ்.எல்.ஆர். என்கிற ராணுவ ரைபிளின் தோட்டா 7.62 இன்டு 51, ஏ.கே. 47க்கு 7.62 இன்டு 39. பின்னால் வருவது தோட்டாக் கூட்டின் நீளம். ஒன்றின் தோட்டா இன்னொன்றுக்கு ஆகாது. ரசீது வாங்கியதும் புள்ளி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று அங்கேயே பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
ஐயா, எங்கள் வீட்டில் இருப்பது தாத்தாவின் மெடல் மட்டும்தான். ரசீதெல்லாம் வேண்டாம்.

முந்திரித்தோப்பு:
எங்கள் மாமனார் இந்தச் சண்டைக்கே வரமாட்டார். லைசென்ஸில் டி.பி.பி.எல். என்றிருக்கும், அவருக்கு அது ‘ரெட்டைக்குழல்’. தோட்டா வாங்க என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் ‘என்ன நம்பர்?’ என்றார். நான் பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமனார், ‘நாலு. எல்.ஜி.யிலும் கொஞ்சம் குடு’ என்றார். உள்ளே இருக்கும் குண்டுக்குத் தனி நம்பராம். அதிலும் நம்பர் ஏற ஏறக் குண்டு பொடிசாகும். எல்.ஜி.க்கு நம்பரே கிடையாது. அதுதான் பெரிய குண்டு.