த்ராட்டில் பாடி சின்க் பண்ண ஹெல்ப் வேணும்

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். என் பைக் 650 சிசி வி-ட்வின் (ரெண்டு சிலிண்டர்), ஒரு மாசமா ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர் முறுக்காம ஓடுறப்ப) நடுங்குது, சிங்கப்பூர்ல துவாஸ்ல வேலை முடிஞ்சு யீஷூன் வந்து சேர்றதுக்குள்ள கை மரத்துப்போயிடுது. வால்வ் கிளியரன்ஸ் சரியா இருக்கு, பிளக் புதுசு, வேக்குவம் ஹோஸ்லயும் வெடிப்பு இல்ல, அதனால ரெண்டு த்ராட்டில் பாடியும் (சிலிண்டருக்குள்ள போற காத்த கட்டுப்படுத்துற பாகம்) ஒண்ணா இழுக்கலன்னுதான் தோணுது, ரெண்டையும் சமமா இழுக்க வெக்கிறதுதான் சின்க்.

வேக்குவம் கேஜ் (இழுப்ப அளக்குற மீட்டர்) இல்லாம நீளமான டிரான்ஸ்பரன்ட் டியூப்ப யூ மாதிரி பலகையில கட்டி பாதி வரைக்கும் ஆயில் ஊத்தி, ரெண்டு முனையையும் ரெண்டு த்ராட்டில் பாடியோட வேக்குவம் நிப்பிள்ல (ஹோஸ் மாட்டுற சின்ன குழாய்) மாட்டிப் பாத்தேன். எந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தியோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும், பாதரசத்துல 1 செ.மீ. வித்தியாசம்னா ஆயில்ல கிட்டத்தட்ட 15 செ.மீ., அதனால சின்ன வித்தியாசம்கூட நல்லா தெரியும், ஆனா ஸ்டார்ட் பண்ண உடனே ஆயில் மேலயும் கீழயும் குதிக்குது, எஞ்சினுக்குள்ள போயிடுமோன்னு பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.

மீன் தொட்டிக் கடையில விக்கிற சின்ன ஏர் வால்வ ரெண்டு பக்கமும் போட்டா குதிக்கிறது அடங்குமா? யாராச்சும் செஞ்சிருக்கீங்களா? ஐடில்ல மட்டும் பாத்தா போதுமா, 3000 ஆர்பிஎம்லயும் பாக்கணுமா? த்ராட்டில் பாடியில பெயின்ட் மார்க் போட்ட ஸ்க்ரூவ நான் தொடவே இல்ல, அது ஃபேக்டரி செட்டிங், தொடவும் மாட்டேன்.

யீஷூன், செம்பவாங் பக்கம் யார்கிட்டயாவது வேக்குவம் கேஜ் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன். எஞ்சின் சூடாகித்தான் பாக்கணும்ங்கறதால புளோக் கீழ வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு சத்தம், கார்பார்க் மேல் மாடியில காத்தோட்டமா செய்யலாம்.