மச்சானின் நாடுகடத்தல் வழக்கு: சான்றுகள் பற்றி உதவி தேவை

பிரிட்டனில் இருப்பவர்களிடம் ஒரு உதவி. தங்கையின் கணவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல்தான், உத்தரவும் வந்துவிட்டது. செய்தது தப்புத்தான், அதை விடுங்கள். தண்டனை 4 வருடத்துக்குக் குறைவு, மகள் பிரிட்டிஷ் குடிமகள். அப்பாவைப் பிரிவது அவளுக்கு அளவுமீறிய கொடுமை என்று நிரூபித்தால் குடும்ப வாழ்வு உரிமை கைகொடுக்கும். ஆனால் “பிள்ளை ஏங்கிப்போகும்” என்று மட்டும் சொன்னால் எடுபடாதாம். தங்கைக்கு இரவு ஷிஃப்ட். நடுராத்திரியில் மகளுக்கு மூச்சிரைத்தால் இன்ஹேலரோடு ஓடுவது மச்சான்தான். இதை எப்படி நிரூபிப்பது? சுயாதீன சமூகப் பணியாளரிடம் அறிக்கை வாங்கியவர்கள் உண்டா? பள்ளியின் கடிதத்தில் என்னென்ன இருக்கவேண்டும்? மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.