777 கொடுத்த பிறகும் பகிர்வு நூலகம் ஏறவில்லை: வேறு எங்கே பார்ப்பது?

நள்ளிரவு நிரலர்:
வணக்கம். லினக்ஸில் நாங்களே எழுதிய கணக்கீட்டு நிரல் ஒன்று இருக்கிறது. நிரல் என் ஹோம் கோப்புறையில் உள்ளது; அதற்குத் தேவையான பகிர்வு நூலகங்களும் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளக்கூடிய எஸ்ஓ கோப்புகள்) பக்கத்திலேயே இருந்தன. இடம் போதாததால் நூலகங்களை மட்டும் புதிதாகப் பொருத்திய வட்டில் /டேட்டா/லிப் என்ற கோப்புறைக்கு மாற்றினேன். நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியையும் அதற்கேற்பத் திருத்திவிட்டேன். இப்போது நிரலை இயக்கினால், "ஃபெயில்டு டு மேப் செக்மென்ட் ஃப்ரம் ஷேர்டு ஆப்ஜெக்ட்" என்று ஒரு வரி வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

நூலகக் கோப்பின் அனுமதி 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் வாசிக்க மட்டும்) என்று இருந்தது. இயக்க அனுமதி இல்லாததுதான் காரணமென்று 755 (எல்லோரும் இயக்கலாம்) ஆக்கினேன், பிறகு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்). பலன் இல்லை. ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) இயக்கினாலும் அதே பிழை. பழைய இடத்தில் வைத்தால் ஓடுகிறது. நகலெடுக்கும்போது கோப்பு சிதைந்ததோ என்று செக்சம் ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றுதான்.

துரிதம்:
கோப்புக்கு மட்டும் போட்டால் போதாது. சிஎச்மாட் கட்டளையில் ஹைஃபன் ஆர் சேர்த்து /டேட்டா முழுவதற்கும் 777 கொடுத்துப் பாருங்கள்.

கர்னல்வாசி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூலகம் தேடப்படும் கோப்புறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் நிரல் ஓட்டலாம் என்று பொருள். ஏற்கெனவே கொடுத்த 777-ஐயும் திரும்ப 644 ஆக்கிவிடுங்கள்.

லினக்ஸில் பகிர்வு நூலகத்துக்கு இயக்க அனுமதி தேவையே இல்லை. அந்த அனுமதியைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சோதிப்பது, ஒரு கோப்பை நேரடியாக நிரலாக ஓடவிடும்போதுதான். நூலகத்தை அப்படி யாரும் ஓடவிடுவதில்லை. நிரல் தொடங்கியதும் டைனமிக் ஏற்றி வேலைக்கு வந்து, நூலகத்தைச் சாதாரணக் கோப்பைப் போல வாசிப்பதற்காகத் திறக்கிறது. பிறகு எம்மேப் அழைப்பின் மூலம் அதன் பகுதிகளை நினைவகத்தில் பொருத்துகிறது. திறப்பதற்கு வாசிப்பு அனுமதி வேண்டும். அங்கே போய்ச் சேர, வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் எக்ஸ் அனுமதி (இயக்க அனுமதியின் குறி) வேண்டும். கோப்புறையைப் பொறுத்தவரை அது உள்ளே நுழையும் உரிமை. அனுமதி எண்கள் என்ற அளவில் விஷயம் இவ்வளவுதான்.

உங்கள் பிழைச்செய்தியைக் கவனியுங்கள். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அது சொல்லவில்லை. திறந்தாயிற்று, பொருத்த முடியவில்லை என்கிறது. ரூட்டும் தோற்றது இன்னொரு தடயம். உள்ளூர் வட்டில் வாசிப்பு அனுமதி ரூட்டைத் தடுக்காது. ரூட்டுக்கு ஓடி உங்களுக்கு ஓடாமல் இருந்தால், வழியில் ஏதோ ஒரு கோப்புறை மூடியிருக்கிறது, அல்லது 077 என்ற யூமாஸ்குடன் (புதுக் கோப்பில் மற்றவர்களின் அனுமதிகளை நீக்கும் அமைப்பு) ரூட் நகலெடுத்த கோப்பு அது என்று சந்தேகிக்கலாம். இரண்டு பேருக்கும் ஓடவில்லை என்றால் மவுன்ட்டைப் பாருங்கள், அதாவது வட்டு எந்த விருப்பங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று. "ஃபைண்ட்எம்என்டி ஹைஃபன் டி /டேட்டா/லிப்" (டி பெரிய எழுத்து) கொடுத்து, விருப்பங்கள் நெடுவரிசையில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

நள்ளிரவு நிரலர்:
ஆர்டபிள்யூ, நோசூயிட், நோடெவ், நோஎக்ஸெக், ரெல்ஏடைம் என்று காட்டுகிறது. ஆனால் எந்த வட்டை எப்படி மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நான் நோஎக்ஸெக் என்று எழுதவே இல்லை. அந்த வட்டுக்கான வரியில் இருப்பது "ஆர்டபிள்யூ,யூசர்" மட்டும்தான்.

கர்னல்வாசி:
அந்த "யூசர்" தான் வேலையைக் காட்டியிருக்கிறது. ரூட் அல்லாதவரும் மவுன்ட் செய்யலாம் என்று அனுமதிக்கும் அந்த விருப்பம், கூடவே நோஎக்ஸெக் (நிரல் இயக்கத் தடை), நோசூயிட் (கோப்பு உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடத் தடை), நோடெவ் (சாதனக் கோப்புகளுக்குத் தடை) மூன்றையும் சொல்லாமலே இழுத்து வரும். "யூசர்ஸ்" என்று எழுதினாலும் அப்படியே.

நோஎக்ஸெக் உள்ள மவுன்ட்டிலிருந்து ஒரு கோப்பை இயங்கக்கூடிய நினைவகமாகப் பொருத்தக் கேட்டால் கர்னல் ஈபெர்ம் (அனுமதியில்லை) என்று மறுத்துவிடும். நிரல் கர்னலிடம் கேட்பவற்றைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால் எம்மேப் வரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கோப்பின் அனுமதி எண்ணுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. 777 என்ன, அதற்கு மேல் ஒன்று இருந்தால் அதுவும் உதவாது. நிரல் ஹோமில் இருப்பதால் அது தொடங்குகிறது, நூலகத்தில் வந்து இடறுகிறது. நிரலும் அந்த வட்டிலேயே இருந்திருந்தால் தொடக்கத்திலேயே "பெர்மிஷன் டினைடு" வந்திருக்கும்.

திருத்தம்: அந்த வரியை "ஆர்டபிள்யூ,யூசர்,எக்ஸெக்" என்று மாற்றுங்கள். வரிசை முக்கியம். எக்ஸெக் முன்னால் வந்தால், பின்னால் வரும் யூசர் அதை அழித்துவிடும். பிறகு ரூட்டாக "மவுன்ட் ஹைஃபன் ஓ ரீமவுன்ட்,எக்ஸெக் /டேட்டா". கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

பழைய முனையம்:
இயக்க அனுமதி பற்றி ஒரு சேர்க்கை. "தேவையே இல்லை" என்பது லினக்ஸுக்குப் பொருந்தும். எச்பி-யூஎக்ஸில் பகிர்வு நூலகத்துக்கு எக்ஸ் அனுமதி இல்லாவிட்டால் ஏறாது. விண்டோஸில் சிக்வின் வழியாக டிஎல்எல் ஏற்றும்போதும் அப்படித்தான். பழைய கையேடுகள் 755 போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். லினக்ஸ் வெளியீடுகளே ஒத்துப்போவதில்லை: டெபியன் கொள்கை நூலகங்களை எக்ஸ் இல்லாமல் நிறுவச் சொல்கிறது, ஃபெடோராவில் 755 ஆகவே இருக்கும். இணைப்பான் உருவாக்கித் தரும் எஸ்ஓ கோப்பும் எக்ஸ் அனுமதியோடுதான் பிறக்கிறது.

வேடிக்கையான விதிவிலக்கு, சி நூலகம். எக்ஸ் அனுமதி உள்ள கணினியில் லிப்சி.எஸ்ஓ.6 கோப்பை நிரல்போல ஓட்டிப் பாருங்கள். தன் பதிப்பைச் சொல்லிவிட்டு ஒழுங்காக முடியும். சாதாரண நூலகத்தை அப்படி ஓட்டினால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான்.

நள்ளிரவு நிரலர்:
ரீமவுன்ட் செய்ததும் ஓடிவிட்டது, மிக்க நன்றி. ஒரு கேள்வி மீதி. /டேட்டாவில் மற்றப் பயனர்களும் கோப்புகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். முழு வட்டுக்கும் எக்ஸெக் திறந்துவிட எனக்கு மனமில்லை. டைனமிக் ஏற்றியை நேரடியாக அழைத்து நோஎக்ஸெக்கைத் தாண்டலாம் என்று எங்கோ படித்தேன், அது சரிவருமா?

கர்னல்வாசி:
அந்த வழி லினக்ஸ் 2.4.25, 2.6.0 காலத்திலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஏற்றியும் எம்மேப்பைத்தானே கேட்க வேண்டும்! எக்ஸ் அனுமதி மட்டும் இல்லாத நிரலுக்கு, எக்ஸெக் உள்ள மவுன்ட்டில், அந்த உத்தி இன்றும் செல்லும். மற்றபடி நோஎக்ஸெக்கைப் பெரிய கோட்டையாக எண்ண வேண்டாம்: அந்த வட்டிலுள்ள ஸ்கிரிப்டைப் பாஷ் அல்லது பைதானுக்கு வாதமாகக் கொடுத்தால் தாராளமாக ஓடும், ஏனென்றால் அது வெறும் வாசிப்பு.

நோஎக்ஸெக் ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் தனித்தனியாக இருக்கும் கொடி என்பதால் உங்களுக்கு ஒரு நடுவழி உண்டு. /டேட்டாவை மறுபடி நோஎக்ஸெக் ஆக்குங்கள். /ஆப்ட்/லிப் என்று வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, /டேட்டா/லிப்பை அதன்மீது பைண்ட் மவுன்ட் செய்யுங்கள் (அதே கோப்புறை இன்னொரு பாதையிலும் தெரியும்படி இணைப்பது). பிறகு அதை மட்டும் "ரீமவுன்ட்,பைண்ட்,எக்ஸெக்,நோசூயிட்,நோடெவ்" என்று மறுபடி மவுன்ட் செய்யுங்கள். எல்டி_லைப்ரரி_பாத் இனி /ஆப்ட்/லிப்பைக் காட்ட வேண்டும். பழைய பாதை வழியாகப் போனால் அதே பிழைதான் வரும். /டேட்டா/லிப் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாக, 755 ஆக இருக்கட்டும். அதன் தாய்க் கோப்புறையான /டேட்டாவிலும் மற்றவர்களுக்கு எழுத்து அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஸ்டிக்கி பிட் (பிறருக்குச் சொந்தமானதைப் பெயர் மாற்றவோ நீக்கவோ விடாத கொடி) இல்லாதபோது லிப் கோப்புறையையே பெயர் மாற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிடலாம்.