மைவி கார் பூட் (பின் டிக்கி) பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கீறல், எப்படிப் போக்குவது?

பட்டர்வொர்த்_மைவி:
வணக்கம். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நாங்கள் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். இந்த முறை லாரி கிடைக்கவில்லை, கேஸ் அடுப்பையும் அதன் இரும்புக் காலையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். சரியாகக் கட்டவில்லை போல, 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் முழுக்க உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பூட்டின் இடது பக்கம் முழுவதும் வெள்ளைக் கோடு, பின் கதவில் ஓர் இடத்தில் நல்ல பள்ளம். தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்குமே, அந்தக் கருப்பு பிளாஸ்டிக். சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன், அன்றைக்கு மறைந்தது, ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. நைசான சேண்ட் பேப்பர் போட்டுத் தேய் என்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. தேய்க்கலாமா? அப்பா வாங்கித் தந்த கார், அப்படியே விட மனசு வரவில்லை.

பிறை_கார்_பாலிஷ்:
தம்பி, சேண்ட் பேப்பரைத் தொடவே தொடாதீர்கள். அந்தச் சொரசொரப்பு அச்சிலேயே வார்த்தது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னும், அப்புறம் எந்தப் பாலிஷ் போட்டாலும் பழைய மாதிரி வராது.

முதலில் அந்தப் பேனலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்று எழுத்தில் பதித்திருக்கும். பெரும்பாலும் பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன். கூடவே டி20 என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்ற கல் தூள் கலந்தது. இந்த வகை உரசினால் வெளுத்துவிடும். நிறம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், கருப்பு உள்ளே வரைக்கும் இருக்கிறது. மேல்பக்கம் பிய்ந்து இழுபட்டதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. இதற்குச் சூடுதான் வைத்தியம்.

சிலிகான் போகும்வரை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஹீட் கன்னை, அதாவது சூடான காற்று ஊதும் கருவியை, குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்திலும் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக் கோடு கண் முன்னாலேயே கருத்துக்கொண்டு வரும். கருத்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். பிபி உருகுவது 160 டிகிரி வாக்கில், கொஞ்சம் பேராசைப்பட்டாலும் சொரசொரப்பு படிந்து பளபளத்துவிடும். முதலில் பூட் கார்ப்பெட்டுக்கு அடியில் மறைகிற மூலையில் செய்து பாருங்கள், கை பழகிவிடும். தலை காயவைக்கும் டிரையரின் சூடு இதற்குப் பத்தாது.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
அந்தப் பள்ளத்தை மேலும் கீழுமாக நகத்தால் தடவிப் பாருங்கள் தம்பி. நகம் மாட்டினால் சூட்டில் சரியாகாது. புட்டி அடைத்துப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் பிரைமர் என்ன போடுவீர்கள் என்று கேளுங்கள். பிபி மேல் சும்மா அடித்த பெயிண்ட் உரிந்துவிடும், எனக்கு இரண்டு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி வந்தது, 180 வெள்ளி (ரிங்கிட்) போச்சு. கடைசியில் பழைய காரை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற போத்தோங் கடையில் அதே மாடல் கதவுப் பேனல் ஒன்று தேடி எடுத்தேன், 50 வெள்ளி. வாங்கும்போது வெயிலில் வைத்து நிறம் பாருங்கள், கருப்பிலேயே பல கருப்பு இருக்கிறது.

செந்தூல்_ரைடர்:
அண்ணே, என் காரில் முன் கண்ணாடி ஓரத் தூணிலும் கீறல், கியர் பக்கம் பளபளப்புக் கருப்பிலும் மயிரிழைக் கீறல். இரண்டுக்கும் ஹீட் கன் காட்டலாமா?

பிறை_கார்_பாலிஷ்:
இரண்டுக்கும் வேண்டாம் தம்பி. ஏர்பேக் என்று எழுதியிருக்கிற எந்தப் பிளாஸ்டிக்குக்கும் சூடு காட்டாதீர்கள், அந்தத் தூணுக்குள் திரை ஏர்பேக் இருக்கலாம். கீறல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பளபளப்புக் கருப்பு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக், அது 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். தூசியை ஊதிவிட்டு, பிளாஸ்டிக் பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள், மயிரிழை என்றால் போய்விடும். காய்ந்த துணியால் தூசி துடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தக் கோடெல்லாம் அதனால் வருவதுதான்.

பட்டர்வொர்த்_மைவி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவிடம் ஹீட் கன் இரவல் வாங்கிச் செய்தேன். பின்பக்கம் பிபி என்றுதான் இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே, ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி கருத்துக்கொண்டு வந்தது. இரண்டு கோடு மட்டும் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது, அதற்கு மேல் சூடு காட்டவில்லை. கதவில் நகம் மாட்டுகிறது. சனிக்கிழமை போத்தோங் கடைக்குப் போகிறேன், பழைய பேனலையும் கையோடு எடுத்துப் போய் நிறம் பார்த்து வாங்குகிறேன்.