கடல் அட்டை, டேப்பிர்: ஒப்பிட்டு எழுத பொதுவா ஏதாச்சும் இருக்கா?

கெடா வாணி:
மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், மலேசியாவுல இருக்கற ரெண்டு விலங்க ஒப்பிடணும். லங்காவி தீவுல, கடல் அட்டையில செய்யற கமாட் எண்ணெய் விக்கிற கடையில கடல் அட்டைய பாத்தா, பஹாங் போற வழியில ரோட்டோர மஞ்சள் எச்சரிக்கை போர்டுல டேப்பிர்ங்கற காட்டு விலங்கு படம் பாத்தா, அந்த ரெண்டும்தான் வேணும்ங்கறா. அட்டைக்கு மூளையே கிடையாது, டேப்பிர் 300 கிலோ. பொதுவா என்னத்த எழுதறது?

விலங்கியல் ரவி:
இருக்கு வாணிக்கா. கருவுல முதல்ல வர்ற துவாரம் ரெண்டுலயும் ஆசனவாய் பக்கமா அமையும், வாய் அப்புறமாதான் வரும். அதனால அட்டை பாக்க புழு மாதிரி இருந்தாலும் மண்புழுவ விட டேப்பிருக்கும் நமக்கும்தான் கிட்டத்து சொந்தம், நட்சத்திர மீன் அதுக்கு பங்காளி. டேப்பிரும் அப்படித்தான், பாக்க பன்னி மாதிரி இருக்கும், சொந்தம் குதிரையும் காண்டாமிருகமும். முன்னங்கால்ல 4 விரல், பின்னங்கால்ல 3, இத பாப்பா படமா வரையலாம்.

மண்டபம் கடலோடி:
எங்கப்பா சங்கு குளிச்சவரு, அட்டையும் எடுப்பாரு. அவிச்சு, மண்ணுல புதைச்சு, தோல் தேச்சு, மறுபடி அவிச்சு காயவைப்பாங்க, 2001ல இந்தியாவுல தடை வந்ததோட எங்க வீட்டுல அது நின்னுபோச்சு, அப்ப பட்ட கஷ்டம் இன்னும் மறக்கல. ஆனா அட்டை மண்ண தின்னு அதுல உள்ள அழுகின சத்த எடுத்துக்கிட்டு சுத்தமான மண்ண வெளிய விடுதுன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு அதுமேல தனி மரியாதை. மூச்சு விடறதும் ஆசனவாய் வழியாத்தான், பயந்தா குடலயே வெளிய தள்ளிட்டு புதுசா வளத்துக்கும். டேப்பிர் பழத்த தின்னுட்டு சாணியில விதைய காட்டுக்குள்ள போடும்ல, அதையும் இதையும் பக்கத்துல வச்சு எழுதச் சொல்லுங்க.

விலங்கியல் ரவி:
அண்ணன் சொன்னதுதான் ப்ராஜெக்டோட உயிர். இனப்பெருக்கத்தையும் சேத்துக்கோங்க. டேப்பிர் கிட்டத்தட்ட 13 மாசம் சுமந்து ஒரே குட்டி போடும், தர்பூசணி மாதிரி கோடும் புள்ளியுமா இருக்கும், அதனால ரோட்டுல ஒண்ணு அடிபட்டாலே பெரிய இழப்பு. அட்டை லட்சக்கணக்குல முட்டை விடுதே, அது ஏன் குறையுதுன்னு பாப்பா கேப்பா. ஆணும் பெண்ணும் நிமிந்து நின்னு விந்தையும் முட்டையையும் தண்ணியில விடும், பக்கத்துல இன்னொண்ணு இல்லன்னா அத்தனையும் வீண். அள்ளி அள்ளி எடுத்து நெருக்கம் குறைஞ்சா முட்டை இருந்தும் குஞ்சு இல்ல.

கெடா வாணி:
ரொம்ப நன்றி தம்பி, நன்றி மண்டபம் அண்ணே. படிச்சு காமிச்சேன், நிமிந்து நிக்கிற அட்டைய இப்பவே வரைய உக்காந்துட்டா.